ஒன்பதாவது இலக்கம்

நார்வேயில் பிறக்கும் ஒவ்வொருவருக்கும் அரசு 11 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணைக் கொடுக்கிறது. 1964-இல் தொடங்கிய ஏற்பாடு இது. முதல் 6 இலக்கங்கள் பிறந்த நாள், மாதம், வருடம். அடுத்த 3, அதே நாளில் பிறந்த மற்றவர்களிடமிருந்து ஆளைப் பிரித்துக் காட்ட. கடைசி 2, எண்ணைத் தப்பாக எழுதினால் கண்டுபிடிக்க. நடுவில் வரும் ஒன்பதாவது இலக்கத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு வேலை உண்டு. அது ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். வங்கி, வரி, மருத்துவமனை, சம்பளம் எல்லாமே இந்த எண்ணில்தான் ஓடுகின்றன. நம்ம ஆதார் மாதிரிதான். ஆனால் ஆதார் எண்ணை வைத்து அது ஆணுடையதா பெண்ணுடையதா என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே சொல்லிவிடலாம்.

2016-இல் நார்வே ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒருவர் தன் சட்டப்பூர்வமான பாலினத்தை மாற்ற விரும்பினால் மருத்துவச் சான்றோ அறுவை சிகிச்சையோ தேவையில்லை, விண்ணப்பித்தால் போதும். தாராளமான சட்டம்தான். ஆனால் பாலினம் மாறினால் ஒன்பதாவது இலக்கமும் மாற வேண்டுமே. அதனால் அவருக்குப் புதிய எண் தருகிறார்கள். எண் மாறினால் அந்த எண்ணைச் சாவியாக வைத்திருக்கும் ஒவ்வொரு அலுவலகத்தின் கணினியிலும் அவர் புது ஆள்.

டேட்டாபேஸ் வடிவமைப்பில் பழைய பாடம் ஒன்று உண்டு. அடையாள எண்ணுக்குள் அர்த்தத்தை வைக்காதே. அடையாள எண்ணின் வேலை சுட்டுவது, அவ்வளவுதான். ஆள் எப்படிப்பட்டவர், எந்த ஊர், என்ன வயது என்பதெல்லாம் தனித்தனிப் பத்திகளில் இருக்கட்டும், வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம். எண்ணுக்குள்ளேயே விவரத்தைத் தைத்துவிட்டால், விவரம் மாறும் நாளில் ஆளே மாறிவிடுவார். நார்வேகாரர்களும் இந்த முடிவுக்கு வந்துவிட்டார்கள். 2032 முதல் புதிதாகக் கொடுக்கப்படும் எண்களில் பாலினம் இருக்காது. பழைய முறையில் எண்கள் தீர்ந்துகொண்டு வருகின்றன என்பதும் அதற்கு ஒரு காரணம்.

நான் இதைப் படித்தபோது எனக்கு மொழிதான் ஞாபகம் வந்தது. ‘அவன்’, ‘அவள்’ என்ற சொற்களும் ஒருவகை அடையாள எண்கள்தானே? ஒருவரை மறுபடியும் மறுபடியும் பெயர் சொல்லாமல் சுட்டுவதற்கு வைத்திருக்கும் சின்னச் சாவிகள். அவற்றுக்குள்ளும் ஓர் ஒன்பதாவது இலக்கம் இருக்கிறது.

*

நார்வேஜிய மொழியில் அவன் ‘ஹான்’, அவள் ‘ஹுன்’. இரண்டுக்கும் நடுவில் ‘ஹென்’ என்று ஒரு சொல் வந்திருக்கிறது. நார்வேயின் அரசு மொழி மன்றம் 2022-இல் அதை அகராதிக்குள் ஏற்றுக்கொண்டது. மூன்றையும் அடுத்தடுத்து உச்சரித்துப் பாருங்கள். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மாறுவதே இல்லை. மாறுவது நடுவில் இருக்கும் ஓர் உயிரொலி. ஓர் ஆளின் பால் முழுக்க அந்த ஓர் உயிரொலியில் உட்கார்ந்திருக்கிறது.

சொல் நார்வேயில் பிறந்ததல்ல. பக்கத்து நாடான ஸ்வீடனில் 1966-இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் இந்த யோசனை முன்வைக்கப்பட்டது. பின்லாந்து மொழியில் ஆண், பெண் இருவருக்கும் ‘ஹான்’ போலவும் ‘ஹென்’ போலவும் ஒலிக்கும் ஒரே சொல்தான். அது தந்த துணிச்சல் இது. பல வருடம் யாரும் கண்டுகொள்ளவில்லை. 2012-இல் யெஸ்பர் லுண்ட்க்விஸ்ட் எழுதிய ‘கிவியும் பேய்நாயும்’ என்ற குழந்தைகள் புத்தகம் வந்தது. நாய் வேண்டும் என்று அடம்பிடிக்கும் கிவி பையனா பொண்ணா என்று புத்தகம் சொல்வதில்லை, முழுக்க ‘ஹென்’தான். நாடு முழுக்கச் சண்டை. மூன்று வருடம் கழித்து, 2015-இல், ஸ்வீடிஷ் அகாதெமியின் சொற்பட்டியலில் அந்தச் சொல் ஏறியது.

நார்வேயிலும் எதிர்ப்பு இருந்தது. அதில் ஒன்று எனக்குப் பிடித்தது. ‘ஹென்’ என்ற சொல் அங்கே ஏற்கெனவே உண்டு. ‘எங்கே போறே?’ என்று கேட்கும் வாக்கியத்தில் திசையைக் குறிக்க வரும் ஒரு சின்னச் சொல் அது. இருக்கிற வீட்டில் இன்னொருவரைக் குடியேற்றுகிறீர்களே என்றார்கள். இன்னொரு வாதம்: இதெல்லாம் எதற்கு, ‘சம்பந்தப்பட்டவர்’ என்ற பொருளில் எங்களுக்கு ‘வேட்கொம்மென்டெ’ இருக்கிறதே! உண்மைதான், இருக்கிறது. ஆனால் காவல் நிலையப் புகாரில் எழுதும் சொல்லை வைத்துக்கொண்டு, “சம்பந்தப்பட்டவருக்கு இன்னிக்குப் பொறந்தநாள், கேக் வாங்கணும்” என்று பேச முடியுமா?

நாம் கவனிக்க வேண்டியது, நார்வேஜிய மொழிக்கு இந்த மாற்றம் எவ்வளவு மலிவு என்பது. அந்த மொழியில் வினைச்சொல்லுக்குப் பால் தெரியாது, எண் தெரியாது, இடம்கூடத் தெரியாது. நான் வந்தேன், நீ வந்தாய், அவள் வந்தாள், அவர்கள் வந்தார்கள் எல்லாவற்றுக்கும் ‘கொம்’ என்ற ஒரே வடிவம். பிரதிப் பெயரில் ஓர் உயிரொலியை மாற்றினால் வேலை முடிந்தது. ‘காதலர்’ என்ற இடத்திலும் அவர்களுக்குச் சிக்கல் இல்லை. ‘ஷேரெஸ்தெ’ என்றால் மிகப் பிரியமானவர், ஆணா பெண்ணா என்று சொல்லாது. “என் ஷேரெஸ்தெயோட படத்துக்குப் போனேன்” என்று ஒருவர் திங்கட்கிழமை அலுவலகத்தில் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கலாம்.

அதேசமயம் இலக்கணப் பாலில் அந்த மொழி தாராளம். பெயர்ச்சொற்களுக்கு ஆண், பெண், அலகு என்று மூன்று பால். நார்வேயில் எழுத்து வடிவங்கள் இரண்டு: பூக்மோல், நீநோர்ஸ்க். கிராமத்துப் பேச்சுகளை அடிப்படையாகக் கொண்ட நீநோர்ஸ்கில் புத்தகத்தை ‘அவள்’ என்ற சொல்லாலேயே சுட்டுவார்கள். கார் ‘அவன்’. ஆனால் ‘மனிதர்’ என்பதற்கான சொல் அலகுப்பால்! ஆக, சொல்லின் பால் வேறு, ஆளின் பால் வேறு என்பது அந்த மொழியைப் பேசும் குழந்தைக்கும் தெரியும். அந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். புத்தகம் ‘அவள்’ ஆனதால் புத்தகத்துக்கு எந்த வருத்தமும் இல்லை. சிக்கல் மனிதர்களைப் பற்றிப் பேசும்போதுதான் வருகிறது.

*

பிரதிப் பெயர் கடைசியில் வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே நார்வேயில் தொழிற்பெயர்கள் மாறத் தொடங்கிவிட்டன. ஆசிரியை, நர்ஸம்மா என்பது போன்ற பெண்பால் விகுதிகளை அவர்கள் மெல்லக் கைவிட்டார்கள். ‘மன்’ என்று முடியும் பதவிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசின் பிரதிநிதியாக இருப்பவருக்கு ‘ஃபில்கெஸ்மன்’, அதாவது மாவட்ட ஆண்மகன் என்ற பெயர் இருந்தது. 2021 ஜனவரியில் ‘அரசு நிர்வாகி’ என்று பொருள்படும் பெயர் வந்தது. நம்ம ஊர் வங்கிகளில் புகார் கொடுக்க ‘ஓம்புட்ஸ்மேன்’ என்று ஒருவர் இருக்கிறாரே, அந்தச் சொல் ஸ்காண்டிநேவிய மொழிகளிலிருந்து உலகம் முழுக்கப் போனது. நார்வேயில் குடிமக்களின் புகார்களைக் கேட்கும் அந்த அலுவலகம் 2021 ஜூலையில் தன் பெயரிலிருந்து ‘மன்’னை எடுத்துவிட்டது. நாம் இன்னும் வைத்திருக்கிறோம்.

மறுபக்கமும் நடந்தது. பள்ளிகளிலும் குழந்தைகள் நலனிலும் வேலை பார்க்கும் செவிலியருக்கு ‘ஹெல்செசோஸ்தர்’, சுகாதாரச் சகோதரி என்று பெயர். அந்த வேலைக்கு வந்த ஆண்களும் சகோதரிதான். 2019 முதல் அது ‘சுகாதாரச் செவிலியர்’ ஆனது. ஆனால் பிரசவம் பார்ப்பவருக்கு இன்றுவரை ‘யூர்மூர்’, மண்ணம்மா. ஆண் பிரசவம் பார்த்தாலும் மண்ணம்மாதான். சில சொற்களை யாரும் தொடத் துணிவதில்லை, அல்லது தொட விரும்புவதில்லை.

ஜெர்மானியர்கள் இதற்கு நேர் எதிரான வழியில் போனார்கள். பெண்களை மறைக்காதே, காட்டு என்பது அவர்கள் கொள்கை. மாணவர் என்று மட்டும் சொல்லாமல் மாணவர், மாணவி இரண்டையும் சொல்வது, அல்லது ஒரே சொல்லின் நடுவில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு எல்லாரையும் உள்ளே கொண்டுவருவது. 2024 ஏப்ரலில் பவேரிய மாநிலம் அந்த நட்சத்திரத்தைப் பள்ளிகளிலும் அரசு அலுவலகங்களிலும் தடை செய்தது. ஒரு நட்சத்திரக் குறிக்கு எதிராக அரசாணை!

எந்த வழி சரி? நார்வே வழியில் ஓர் ஆபத்து இருக்கிறது. சொல்லிலிருந்து பாலை எடுத்துவிட்டால் மனதிலிருந்தும் போய்விடுமா? போகாது என்பதற்கு உலகத்தில் சாட்சிகள் நிறைய. துருக்கி மொழியில் அவன், அவள், அது மூன்றுக்கும் ‘ஓ’ என்ற ஒரே எழுத்து. அந்த மொழியில் ‘ஓ மருத்துவர்’ என்று கொடுத்தால் கூகுள் டிரான்ஸ்லேட் ஆங்கிலத்தில் ஆண் என்று மொழிபெயர்த்தது. ‘ஓ செவிலியர்’ என்றால் பெண். 2018 டிசம்பரில்தான் இரண்டு விடைகளையும் காட்டத் தொடங்கினார்கள். இயந்திரம் எதையும் சொந்தமாக யோசிக்கவில்லை. நாம் எழுதிக் குவித்ததைப் படித்து, நம்மைத் திருப்பிச் சொன்னது. வங்காளத்தில் ‘ஷே’ என்றால் அவனும் அவளும்தான். வினையிலும் பால் கிடையாது. அதனால் வங்காளத்துப் பெண்களுக்கு வரதட்சணை இல்லாமல் போய்விட்டதா என்ன?

தலைகீழாகவும் நடந்திருக்கிறது. சீன மொழியில் ‘தா’ என்ற ஒரே பிரதிப் பெயர்தான் இருந்தது. 1920 வாக்கில் ல்யூ பன்னோங் போன்ற நவீன எழுத்தாளர்கள், ஐரோப்பிய நாவல்களை மொழிபெயர்க்க வசதியாக இருக்கும் என்று, பெண்ணைக் குறிக்கும் பக்கக்கோடு சேர்த்து ‘அவள்’ என்பதற்குத் தனி எழுத்தைப் பரப்பினார்கள். உச்சரிப்பு அதேதான். காதுக்குத் தெரியாத பெண்பால், கண்ணுக்கு மட்டும் தெரியும். அன்றைக்கு அது முற்போக்கு. பெண்ணுக்கென்று தனி எழுத்து கிடைத்தது என்று மகிழ்ந்தவர்கள் உண்டு, ஏன் எங்களை மனிதர் என்ற எழுத்திலிருந்து பிரித்தீர்கள் என்று கோபித்தவர்களும் உண்டு.

ஆகவே இலக்கணத்தைத் திருத்தினால் சமத்துவம் வரும் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். அப்படியானால் ‘ஹென்’ வீண் வேலையா? இங்கேதான் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

*

மொழியியலாளர் ரோமன் யாக்கப்சனின் ஒரு கருத்து உண்டு. எந்த மொழியிலும் எதையும் சொல்லிவிடலாம், மொழிகள் வேறுபடுவது எதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்தான். நார்வேஜிய மொழியில் ‘சகோதரி’ என்றால் போதும், அக்காவா தங்கையா என்று சொல்லத் தேவையில்லை. தமிழில் தப்பிக்க முடியாது. ஆக, ஒவ்வொரு மொழியும் வாசலில் ஒரு காவல்காரரை வைத்திருக்கிறது. ஒருவரைப் பற்றி ஒரு வாக்கியம் பேச நினைத்தால், முதலில் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக முடியும்.

அறம் சார்ந்த கேள்வி எனக்கு இந்த வாசலில்தான் தெரிகிறது. ‘நேத்து ஒருத்தர் எனக்கு உதவி செஞ்சார்’ என்று சொல்வதற்கு அவருடைய பால் எதற்கு? அந்த வாக்கியத்துக்குத் தேவையே இல்லாத ஒரு தகவலை மொழி என்னிடம் கட்டாயமாகக் கேட்கிறது. தெரியாவிட்டால் ஊகிக்கச் சொல்கிறது. ஊகம் தப்பாகப் போனால் விலை கொடுப்பவர் நான் இல்லை, அவர். ‘ஹென்’ அந்தக் காவல்காரரைத் தாண்டிப் போக ஒரு வழி. அது சமத்துவத்தைக் கொண்டுவராது. தேவையில்லாத இடத்தில் ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுகிறது. அது சின்ன விஷயம்தான், ஆனால் நிஜமான விஷயம்.

இதற்கு எதிராக வரும் வலுவான வாதத்தை நேர்மையாகப் பார்க்க வேண்டும். “ஒருத்தர் தன்னை ஹென்னு சொல்லச் சொன்னா, நான் நம்பாத ஒண்ணை என் வாயால சொல்ல வைக்கிறாங்க. என் கண்ணுக்கு ஆணாத் தெரியறவரை ஆண் இல்லைன்னு சொல்றது எனக்குப் பொய் சொல்ற மாதிரி.” மனசாட்சி சார்ந்த எதிர்ப்பு இது. கேலி செய்து ஒதுக்கிவிட முடியாது.

பதில் தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது. ‘அவன்’ என்பதைப் பிரித்துப் பாருங்கள். முன்னால் ‘அ’, சுட்டு. பின்னால் ‘அன்’, ஆண்பால் ஈறு. நடுவில் வரும் ‘வ்’ இரண்டையும் ஒட்டும் பசை. ‘அ’ விரலை நீட்டுகிறது. ‘அன்’ வர்ணிக்கிறது. பிரதிப் பெயரின் பிரதான வேலை எது? சுட்டுவதுதான். யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று கேட்பவருக்குத் தெரிந்துவிட்டால் சொல்லின் வேலை முடிந்தது. வர்ணனை கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. ‘ஹென்’ என்று சொல்லும்போது நான் அவருடைய உடலைப் பற்றியோ மனதைப் பற்றியோ எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. வர்ணனையை விட்டுவிட்டுச் சுட்ட மட்டும் செய்கிறேன். எதுவும் சொல்லாமல் விடுவது பொய்யாகாது. வீரப்பன் என்று பெயர் உள்ளவரை அப்படியே கூப்பிடுகிறோம், அவருடைய வீரத்துக்கு நாம் சாட்சிக் கையெழுத்துப் போடுவதில்லையே.

ஆனால் இந்தப் பதிலில் ஓர் ஓட்டை இருக்கிறது. ‘ஹென்’னுக்கு நார்வேயில் இரண்டு பயன்பாடுகள். ஒன்று, ஆள் யாரென்று தெரியாதபோது, அல்லது பால் முக்கியமில்லாதபோது. இரண்டு, ஆணென்றும் பெண்ணென்றும் தன்னை உணராத ஒருவரைக் குறிக்க. முதலாவதில் ‘ஹென்’ என்பது தகவல் இன்மை. இரண்டாவதில் ‘ஹென்’னே ஒரு தகவல். சாஃப்ட்வேர் எழுதுபவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த தலைவலி. ஒரு பத்தி காலியாக இருந்தால் என்ன அர்த்தம்? தெரியவில்லையா, பொருந்தவில்லையா, சொல்ல விருப்பமில்லையா? பாலினத்தைக் கணினியில் பதிய ஐஎஸ்ஓ 5218 என்று ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது. 1 ஆண், 2 பெண். கூடவே 0 என்றால் தெரியாது, 9 என்றால் பொருந்தாது. எந்தக் கவிஞரும் எழுதாத ஒரு நுட்பம் அந்த வறண்ட ஆவணத்தில் இருக்கிறது. 0-வும் 9-உம் வேறு வேறு.

‘ஹென்’ இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. அதனால் அது இரண்டு பக்கமும் இழுபடும். இரண்டாவது பொருள் மட்டும் ஊன்றிவிட்டால், ஒருவரை ‘ஹென்’ என்று சொன்னாலே ‘ஓ, அவர் அப்படியா’ என்று கேட்பவர் நினைத்துக்கொள்வார். அப்போது அது மூன்றாவது பெட்டி ஆகிவிடும். இரண்டு பெட்டிக்குப் பதில் மூன்று பெட்டி, கேள்வி அதேதான்: எதில் போடட்டும்? முதல் பொருள் மட்டும் நின்றால், தன்னை அந்தச் சொல்லால் அறியும் ஒருவருக்கு அது ‘விவரம் இல்லை’ என்ற முத்திரையாகச் சுருங்கும். இரண்டு பொருளும் சேர்ந்து வாழ ஒரே வழி, ஹானும் ஹுன்னும் ஆன பெரும்பான்மையினரும் அடிக்கடி ‘ஹென்’னால் சுட்டப்படச் சம்மதிப்பது. எல்லாரையும் சில நேரம் சுட்டும் சொல்லுக்குள் சிலர் நிம்மதியாக ஒதுங்கி நிற்கலாம். சிலரை மட்டும் சுட்டும் சொல் அவர்களைக் காட்டிக்கொடுக்கும்.

ஆங்கிலத்தில் இது ஓரளவு நடந்துவிட்டது. ‘தே’ என்ற பன்மையை ஒருவருக்குப் பயன்படுத்துவது பல நூற்றாண்டுப் பழக்கம். யாரோ குடையை விட்டுவிட்டுப் போனால் அவரை ‘தே’ என்பார்கள். 2019-இல் மெரியம் வெப்ஸ்டர் அகராதி அதை ஆண்டின் சொல்லாக அறிவித்தது அதன் புதிய, இரண்டாவது பொருளுக்காக. பழைய பொருள் எல்லாருக்குமானது என்பதால் புதிய பொருளுக்கு ஒரு மறைவு கிடைத்தது.

*

“நம்மகிட்டதான் ‘அவர்’ இருக்கே!” இந்த விஷயத்தைப் பேசும்போதெல்லாம் நண்பர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். அதுவும் ஆங்கிலத்தின் ‘தே’ போலப் பலர்பாலிலிருந்து ஒருமைக்கு வந்தது. அமைச்சர் கூறினார், எழுத்தாளர் மறைந்தார். ஆணா பெண்ணா தெரியாது. செயலிகளில் வரும் அறிவிப்புகளைத் தமிழாக்கும்போது எங்களைக் காப்பாற்றுவதும் இதுதான். ‘இன்னார் உங்கள் படத்தை விரும்பினார்’ என்று எழுதிவிட்டால் பெயருக்குப் பின்னால் யார் இருந்தாலும் வாக்கியம் நிற்கும். நார்வேஜிய மொழிக்கு இந்தக் கவலையே இல்லை, அங்கே வினைதான் வாய் திறப்பதில்லையே. தமிழில் பிரதிப் பெயரை ஒளித்தாலும் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் இந்த ‘ர்’ இலவசம் இல்லை. அதன் விலை மரியாதை. நார்வேயின் கதையோடு சேர்த்துப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். அவர்களிடமும் ‘நீங்கள்’ என்பதற்கு ‘டீ’ என்று ஒலிக்கும் ஒரு சொல் இருந்தது. 1970-கள் வாக்கில் அது வழக்கொழிந்தது. இன்று பேராசிரியரும் ‘நீ’, பிரதமரும் ‘நீ’. முதலில் அவர்கள் மொழியிலிருந்து உயர்வு தாழ்வைக் கழற்றினார்கள். அதற்குப் பிறகுதான் பால் ஒரு கேள்வியாக மிஞ்சியது. தமிழில் பாலைக் கழற்ற வேண்டுமென்றால் ஆளை உயர்த்தியாக வேண்டும்.

கீழேயும் ஒரு வழி உண்டு. “பாப்பா தூங்குது”, “அந்தப் பொண்ணு நல்லாப் படிக்குது”, “தம்பி வந்துச்சு”. பேச்சில் அஃறிணை வினை பிரியத்தோடு வரும். பின்லாந்திலும் பேச்சுவழக்கில் மனிதர்களை ‘அது’ என்ற சொல்லால்தான் சொல்கிறார்கள், அங்கே யாருக்கும் கோபம் வருவதில்லை. ஆக, நமக்கு மேலே மரியாதையில் பாலில்லை, கீழே செல்லத்தில் பாலில்லை. நடுவில், எனக்குச் சமமாக நிற்கும் ஒருவரைப் பாலில்லாமல் சொல்லத் தமிழில் சொல் கிடையாது. நண்பன் வந்தான், தோழி வந்தாள். ‘ஹென்’ உட்காரும் இடம் சரியாக இந்த நடு இடம்.

எழுத்தில் பொதுவாக இருக்கும் ‘அவர்’ பேச்சில் அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். “டாக்டர் வந்தார்” என்றால் காது ஓர் ஆணைக் கேட்கிறது. பெண் டாக்டர் என்றால் “வந்தாங்க”. இந்த ‘ங்க’ இப்போது மெல்ல நகர்ந்து வருவதைப் பார்க்கிறேன். தன் பாலை அறிவிக்க விரும்பாத நண்பரை இன்றைய இளைஞர்கள் “அவங்க” என்று இயல்பாகச் சொல்கிறார்கள். அகராதிக்காரர் யாரும் அறிவிக்கவில்லை, அரசாணை இல்லை, சண்டையும் இல்லை. இருந்தாலும் அதில் ஒரு கை தூரம் இருக்கிறது. “அவங்க” என்று சொல்லிவிட்டுத் தோளில் கை போடுவது கொஞ்சம் கஷ்டம்.

இப்போது விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். டாக்டர் வந்தார், கலெக்டர் வந்தார். அதே வாய் “குப்பைக்காரன் வந்தான்”, “வேலைக்காரி வரல” என்று சொல்கிறது. பால் தெரியாமல் பேசப்படுவது தமிழில் ஒரு சலுகை. பதவி உள்ளவருக்கு அது தானாகக் கிடைக்கும். இல்லாதவருடைய பாலை நாம் ஒவ்வொரு வினைமுற்றிலும் சத்தமாகச் சொல்கிறோம். இரண்டு பாலிலும் அடங்காத ஒருவர் ஏழையாகவும் இருந்தால்? அவருக்கு ‘ர்’ கிடைக்காது. ‘ன்’னும் ‘ள்’ளும் பொருந்தாது. மிச்சம் இருப்பது ‘அது’. பேருந்தில், கடைவாசலில் திருநங்கைகளை நோக்கி அந்தச் சொல் வீசப்படுவதைக் கேட்காத தமிழர் யாராவது உண்டா? பாப்பாவிடம் கொஞ்சலாக இருந்த அதே சொல்தான்.

இந்தக் கேள்வி நம் இலக்கணிகளுக்குப் புதிதல்ல. ஆண், பெண் என்று பிரியாதவர்களுக்குத் தனி ஈறு இல்லை, உயர்திணைக்குரிய ஈறுகளே அவர்களுக்கும் உரியவை என்பது தொல்காப்பியம். நன்னூல், ஒருவர் எதுவாக இருக்க விரும்புகிறாரோ அந்தப் பாலிலேயே அவரைச் சேர்க்கிறது. விருப்பத்தை அளவுகோலாக வைத்த அந்த இடத்தில் எனக்கு ஆச்சரியம். ஆனால் அதே சூத்திரம் அவர்கள் அஃறிணை போலவும் வரலாம் என்று ஒரு கதவைத் திறந்துவைக்கிறது. இரண்டு கதவுகளில் எதைத் தெருவில் அதிகம் பயன்படுத்தினோம் என்பது நமக்குத் தெரியும்.

அதனால் தமிழுக்கு ஒரு புது ‘ஹென்’ கண்டுபிடிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கண்டுபிடித்தாலும் வினைமுற்றில் ஒட்டாது. என் கவனம் இருக்கிற ‘ர்’ மீது. அதை மரியாதைக் கட்டணம் வாங்காமல் கொடுக்க முடியுமா? வயது, வேலை, சாதி, உடை எதையும் பார்க்காமல், பெயர் தெரியாத எல்லாருக்கும்? குப்பை எடுப்பவர் வந்தார். ஆட்டோ ஓட்டுநர் கேட்டார். திருநங்கை ஒருவர் சிரித்தார். எழுத்தில் இது இன்றைக்கே முடியும். பேச்சில் நாக்கு பழக நாளாகும். எல்லாருக்கும் கொடுத்துவிட்டால் அப்புறம் அது மரியாதை என்ற பொருளை இழந்துவிடுமே என்பார்கள். இழக்கட்டும். அப்போதுதான் அது வெறும் சுட்டாக மாறும்.

அவனும் அவளும் எங்கேயும் போய்விட மாட்டார்கள். நார்வேயில் இன்றும் பெரும்பாலானோர் ஹானும் ஹுன்னும்தான். இருபது வருடப் பழக்கமுள்ளவனை ‘அவன்’ என்று சொல்லும் சுகத்தை நானும் விடப் போவதில்லை. அந்தச் சொல் அவனைத் தெரிந்த பிறகு வந்தது. தெரியாதவரிடம் அதை முதலிலேயே கேட்பதுதான் எனக்கு உறுத்துகிறது.